இலத்தீன் தொடரமைப்பும் ஆங்கிலத் தொடரமைப்பும்

ஒரு சொல் தொடரில் ஏற்கும் பணியை இலத்தீன் அச்சொல்லின் ஈற்றாலும், ஆங்கிலம் அது நிற்கும் இடத்தாலும் உணர்த்துகின்றன. இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலம் தன் சொற்களுள் பெரும்பகுதியை இலத்தீனிலிருந்து நேராகவும் பிரெஞ்சின் வழியாகவும் பெற்றிருக்கிறது. ஆயினும் கடன் வாங்கிய சொற்களோடு அவற்றைப் பிணைக்கும் முறை வந்து சேரவில்லை.

'உழவன் ஓநாயைக் காண்கிறான்' என்பது இலத்தீனில் 'அக்ரிகொலா லுப்பும் விடெத்' என அமையும். 'லுப்புஸ்' என்ற எழுவாய் வடிவம் 'லுப்பும்' எனத் திரிந்திருப்பதால், காணப்படுவது ஓநாய் என்பது தெளிவாகிறது. ஆகவே இம்மூன்று சொற்களை 6 வகையாக மாற்றி அடுக்கினாலும் காண்பவன் உழவனே. ஆங்கிலத்தில் இரு பெயர்களும் இடம் மாறினால் உழவனை ஓநாய் காண்பதாகிவிடும். வேற்றுமை உருபுகளில் பழகிய தமிழருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எனினும் தமிழின் 'உழவர்களை' என்பதில் பன்மை காட்டும் 'கள்' வேறாகவும் வேற்றுமை காட்டும் 'ஐ' வேறாகவும் நிற்க, இலத்தீனின் 'அக்ரிகொலாஸ்' என்பதில் இறுதியிலுள்ள 'ஆஸ்' ஒன்றே பன்மை, வேற்றுமை இரண்டையும் சுமக்கிறது.

சொல்வரிசை கட்டற்றது என்பதால் பொருளற்றது என்று கொள்ளலாகாது. சீசரின் கால் நாட்டுப் போர்க் குறிப்புகளில் வினை பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கிறது. அது முன்னே வரும்போது அழுத்தமோ செய்தித் திருப்பமோ இருக்கும். கவிஞர்கள் பெயரடையை அதன் பெயரிலிருந்து பிரித்து இடையே பல சொற்களை வைப்பர். பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரடை தன் பெயரோடு ஒத்திருப்பதால், பிரிந்து கிடக்கும் இரண்டையும் படிப்பவர் இணைத்துக்கொள்ள முடிகிறது. பெயரடைக்கு வேற்றுமை உருபு சேர்க்காத தமிழில் இது இயலாது, ஆங்கிலத்திலும் இயலாது.

வினைமுற்றிலும் இந்தச் செறிவைக் காணலாம். 'அவர்கள் நேசிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்' என்பதற்கு ஆங்கிலம் 4 சொற்களைச் செலவிட, இலத்தீனுக்கு 'அமாபந்துர்' என்ற ஒரு சொல் போதும். எழுவாயைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. ஆங்கிலப் பெயர்களுக்கு முன்வரும் 'எ', 'தி' போன்ற சிறுசொற்களும் இலத்தீனில் இல்லை.

கூட்டுத் தொடர்களில்தான் உண்மையான இடர்ப்பாடு தொடங்குகிறது. ஒருவர் கூறியதை எடுத்துரைக்கையில், ஆங்கிலம் இணைப்புச்சொல் கொண்டு தனிக் கிளைத்தொடர் அமைக்கும். இலத்தீன் கூற்றின் எழுவாயை இரண்டாம் வேற்றுமையிலும், அதன் வினையைச் 'செய' என்னும் எச்சத்தை ஒத்த வடிவிலும் வைக்கும். 'தீக்கோ தே வெனீரெ' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உன்னை வரச் சொல்கிறேன்' என்று ஆகும். ஆனால் அதன் பொருள் 'நீ வருகிறாய் என்று சொல்கிறேன்' என்பதாகும். தமிழ் வழியே இலத்தீன் கற்போர் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் இது. மாறாக, 'உர்பெ கப்தா' என்ற நீக்கல் வேற்றுமைத் தனித்தொடர், 'நகர் பிடிபட்டபின்' எனத் தமிழில் எளிதில் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பெரும்பாலும் முழுக் கிளைத்தொடர் ஒன்று தேவைப்படும்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமை ஈறுகளை ஏற்றன. அழுத்தம் பெறாத இறுதி உயிர்கள் மங்கி ஒன்றாகிய பின்னரே இடம் இலக்கணமாயிற்று. பேச்சு இலத்தீனிலும் ஈறுகள் இவ்வாறே தேய்ந்ததால், அதன் வழிவந்த இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவை இன்று தொடரமைப்பில் தாயைவிட ஆங்கிலத்துக்கே நெருங்கி நிற்கின்றன.

ஐரோப்பியர் பிற மொழிகளை அளந்த கோலாகவும் இலத்தீன் நெடுங்காலம் விளங்கியது. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் செருமனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. இரண்டும் இலத்தீனில் எழுதப்பட்டவை.