வீடியோ கேம் உருவாக்கும் வேலை: ரேணிகுண்டாவில் இருந்தே தொடங்க முடியுமா?

ரேணிகுண்டா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மின்னணுத் தொழிற்பேட்டையில் டிக்சன் நிறுவனம் டிவி தயாரிக்கிறது. ஏர்ப்பேடு பக்கம் விக்ருதமாலாவில் டிசிஎல் நிறுவனத்தின் டிஸ்ப்ளே தொழிற்சாலை இருக்கிறது. ஏர்ப்பேட்டிலேயே திருப்பதி ஐஐடி, ஸ்ரீசிட்டியில் ஐஐஐடி. திரையும் இங்கே தயாராகிறது, கோடிங் படித்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்தத் திரையில் ஓடும் கேமை உருவாக்கும் வேலை வேண்டும் என்றால் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ ரயில் ஏற வேண்டும்.

ஏறுவதற்கு முன் என்ன தயார் செய்யணும்? லட்சங்களில் ஃபீஸ் கட்டி டிப்ளமோ படிக்கணுமா? இருக்கிற வேலையை விடணுமா?

'கேம் டெவலப்பர்' என்றால் என்ன வேலை?

அது ஒரே வேலை அல்ல. புரோகிராமர் கோடு எழுதுகிறார். ஆர்ட்டிஸ்ட் உருவங்களையும் இடங்களையும் வரைகிறார். அனிமேட்டர் அவற்றை அசைய வைக்கிறார். டிசைனர் விதிகளையும் லெவல்களையும் அமைக்கிறார். சவுண்ட், டெஸ்டிங், புரொடக்‌ஷன் எல்லாம் தனித்தனி. டெஸ்டர் வேலை என்றால் 'விளையாடிக்கிட்டே சம்பளம்' என்று நினைக்க வேண்டாம். ஒரே சுவரில் இருநூறு முறை மோதி, எந்த இடத்தில் கேம் உடைகிறது என்று எழுதித் தருவதுதான் அந்த வேலை.

இந்தியாவில் வேலை எங்கே?

பெங்களூரில் 1997-இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தை, ஜிடிஏ கேம்களை உருவாக்கும் ராக்ஸ்டார் 2019-இல் வாங்கியது. யூபிசாஃப்ட்டுக்கு புனேவிலும் மும்பையிலும், இஏ-வுக்கு ஹைதராபாத்திலும் ஸ்டூடியோக்கள் உண்டு. இங்கே நடப்பதில் பெரும்பங்கு, வெளிநாட்டில் திட்டமிட்ட கேமின் ஒரு பகுதியைச் செய்து தரும் வேலை. ஒரு கார், ஒரு தெரு, ஒரு கதாபாத்திரத்தின் உடை என்று பிரித்துக் கொடுப்பார்கள். சொந்தக் கதையைச் சொல்லும் வாய்ப்பு சிறிய குழுக்களில்தான் அதிகம்.

'கேமிங் வேலை' என்று வரும் விளம்பரங்களில் ஒரு எச்சரிக்கை தேவை. ரம்மி, பேன்டஸி கிரிக்கெட் நிறுவனங்களும் தங்களை கேமிங் நிறுவனம் என்றே சொல்லிக்கொண்டன. ஆன்லைன் ரம்மியை ஆந்திரா 2020-லேயே தடை செய்தது. 2025 ஆகஸ்ட்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் வந்தது. பல நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடந்தது.

டிப்ளமோ கட்டாயமா?

புரோகிராமர் வேலைக்குப் பல ஸ்டூடியோக்கள் பொறியியல் பட்டம் கேட்கின்றன. ஆர்ட், டிசைன் வேலைகளுக்கு முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை. எந்த வேலையானாலும், முடித்து வெளியிட்ட ஒரு சின்ன கேம் பாதியில் நிற்கும் பத்து பிராஜெக்ட்டைவிடப் பெரிய சாட்சி.

கருவிகளுக்குச் செலவு குறைவு. கோடோ, பிளெண்டர் இரண்டும் முழுக்க இலவசம். அன்ரியல் எஞ்சினில் செய்த கேம் 10 லட்சம் டாலர் வருமானத்தைத் தாண்டிய பிறகுதான் 5 சதவீதம் ராயல்டி. கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலர், ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். ஆகவே லட்சங்களில் ஃபீஸ் கட்டும் முன் ஆறு மாதம் சொந்தமாக முயன்று பாருங்கள்.

'வெண்பா' எப்படி ஜெயிச்சது?

டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட கேம் 'வெண்பா'. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் புத்தகம் கிழிந்துபோயிருக்கிறது. இட்லியில் தொடங்கி, விட்டுப்போன செய்முறையை ஆடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தச் சின்ன கேம்தான் 2024-இல் ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசையும், சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் வென்றது. சிறிதாகத் திட்டமிட்டு, தங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்லி, முழுதாக முடித்தார்கள்.

வேலையை விட்டுட்டு இறங்கலாமா?

கணக்குப் போடுவோம். 300 ரூபாய்க்கு ஒரு கேம் விற்றால், ஸ்டீம் 30 சதவீதம் எடுத்த பிறகு கையில் 210 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 2.1 லட்சம். இரண்டு பேர் 18 மாதம் உழைத்திருந்தால், வரிக்கு முன் ஆளுக்கு மாதம் சுமார் 5,800 ரூபாய்தான்.

பெரிய நிறுவனத்தில் சேர்ந்தாலும் நிரந்தரம் இல்லை. 2024 ஜனவரியில் மட்டும் மைக்ரோசாஃப்ட் கேமிங் பிரிவில் 1,900 பேரையும், யூனிட்டி 1,800 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. எனவே சம்பளம் வரும் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் பாதுகாப்பு.

முதல் ஆறு மாதம் என்ன செய்யலாம்?

- 1–2 மாதம்: விதிகள் தெரிந்த ஆட்டத்தை எடுங்கள். நம்ம ஊர் ஆடுபுலி ஆட்டம் நல்ல தேர்வு. மூன்று புலி, பதினைந்து ஆடு. படம் வரைவது சுலபம். புலியைக் கம்ப்யூட்டரே ஆடும்படி செய்வதில்தான் உங்கள் கோடிங் தெரியும்.
- 3–4 மாதம்: ஒலி, மெனு, சேவ் வசதி சேருங்கள். ஐந்து பேரிடம் கொடுத்து, எங்கே திணறுகிறார்கள் என்று வாய் திறக்காமல் கவனியுங்கள்.
- 5–6 மாதம்: இட்ச் தளத்தில் இலவசமாக வெளியிடுங்கள். கூகுள் பிளே என்றால் புதிய தனிநபர் கணக்குக்கு 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். ஆட்களை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் கலந்துகொண்டால், 48 மணி நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரு கேமை முடிக்கும் பழக்கம் வரும். ஸ்டூடியோ வேலையும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஆறு மாதம் கழித்து கையில் முடிந்த கேம் இருந்தால், ரேணிகுண்டா ஜங்ஷனில் ரயில் ஏறும்போது காட்ட ஒரு லிங்க் இருக்கும். முடிக்க முடியவில்லை என்றால், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது லட்சங்கள் செலவழிக்காமலே தெரிந்துவிடும்.