இத்தாலி பனிமலையில் 'ஸ்னோஷூ' நடை: கைடுடன் போகத் திட்டமிடுவது எப்படி? புக் செய்யும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஸ்கீயிங் தெரியாது. ஆனால் ஐரோப்பாவின் பனிமலையில் நடந்து பார்க்க ஆசை. இப்படி நினைப்பவர்களுக்கு ஏற்றதுதான் 'ஸ்னோஷூ' நடை. பூட்ஸுக்கு அடியில் அகலமான ஒரு சட்டத்தை மாட்டிக்கொண்டால், உடல் எடை பரவிவிடும். இடுப்பளவு பனியிலும் கால் அதிகம் புதையாது. சட்டத்தின் அடியில் உள்ள பற்கள் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் பழகிவிடலாம்.

பிரச்னையும் இங்கேதான். நடப்பது ஈஸி என்பதால், மலையும் ஈஸி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஸ்கீ வீரர்களைத் தாக்கும் அதே பனிச்சரிவு, ஸ்னோஷூ போட்டவர்களையும் தாக்கும்.

வட இத்தாலியின் டோலமைட்ஸ் மலைத்தொடரை உதாரணமாக வைத்து, இந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம்.

ஏன் டோலமைட்ஸ்?

ஆல்ப்ஸ் மலையின் ஒரு பகுதி இது. 2009-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வெனிஸ், வெரோனா, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் ஆகிய விமான நிலையங்களில் இருந்து வரலாம். போல்சானோ வரை ரயில் உண்டு.

முதல்முறை போகிறவர்களுக்கு ஆல்ப்பே டி சியூசி நல்ல தேர்வு. சுமார் 56 சதுர கி.மீ. பரந்த மலைப் புல்வெளி இது. குளிர்காலத்தில் முழுக்க வெள்ளையாகிவிடும். சியூசி கிராமத்தில் இருந்து கேபிள் காரில் ஏறிவிடலாம். பெரும்பகுதி மென்மையான ஏற்ற இறக்கம்தான்.

கொஞ்சம் நடந்து பழகியவர்கள் பெதெரூவில் இருந்து ஃபானஸ் சமவெளிக்கு ஏறுகிறார்கள். சுமார் 500 மீட்டர் ஏற்றம். மேலே உள்ள மலை விடுதிகளில் இரவு தங்கலாம். டோலமைட்ஸில் பல விடுதிகள் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும் என்பதால், திறந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே பாதையை முடிவு செய்ய வேண்டும்.

எப்போது போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம். டிசம்பர் கடைசியில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மார்ச்சில் பகல் நீளம். ஆனால் மதிய வெயிலில் பனி இளகும் என்பதால் அதிகாலையில் கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது. பனியில் 300 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பனிச்சரிவு எங்கே நடக்கும்?

பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் சாய்வான சரிவுகளில் நடக்கும். "நாம சமதரையிலதானே நடக்குறோம்" என்று இருந்துவிட முடியாது. மேலே சரியும் பனி, கீழே இருக்கும் சமதரையையும் மூடிவிடும். அதனால் காலடியை மட்டுமல்ல, தலைக்கு மேல் இருக்கும் சரிவையும் பார்க்க வேண்டும்.

ஐரோப்பா முழுக்க பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரை எண்ணில் அறிவிக்கப்படுகிறது. இதில் 3 என்றால் 'சுமாரான ஆபத்துதான்' என்று நினைப்பது பெரிய தவறு. செங்குத்தான சரிவில் ஒரே ஒரு ஆள் கால் வைத்தாலே பனி சரியக்கூடிய நிலை அது. உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடப்பதும் இந்த நிலையில்தான். 4, 5 அறிவிக்கப்பட்டால் பெரும்பாலோர் தாங்களாகவே மலைக்குப் போவதில்லை.

டிரோல், தென் டிரோல், டிரென்டினோ பகுதிகளுக்கான கூட்டு அறிக்கை, பனிக்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு வெளியாகிறது. ஆங்கிலத்திலும் படிக்கலாம். மறுநாள் பாதையை முடிவு செய்ய வேண்டியது அதைப் பார்த்த பிறகுதான்.

கைடு எதற்கு?

பாதை காட்ட மட்டும் அல்ல. 'இன்று வேண்டாம்' என்று சொல்லத்தான் முக்கியமாக கைடு தேவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, லட்சங்களில் செலவு செய்து வந்தவருக்குத் திரும்பிப் போக மனசு வராது. உள்ளூர் பனியைத் தினமும் பார்க்கும் கைடுக்கு அந்த ஆசை இல்லை.

புக் செய்யும் முன் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்:

1. உங்களிடம் என்ன சான்று இருக்கிறது? (இத்தாலியில் 'கைடா அல்பினா' என்பவர் முழுத் தகுதி பெற்ற மலை வழிகாட்டி. பனிப்பாறை, கயிறு, ஐஸ் கோடரி தேவைப்படும் பாதை என்றால் இவர் கட்டாயம்.)

2. ஒரு குழுவில் எத்தனை பேர்?

3. அபாய நிலை 3 என்றால் எந்த மாற்றுப் பாதையில் போவோம்?

4. நீங்கள் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது வேறு தேதி தருவீர்களா?

5. பாதுகாப்புக் கருவிகள் வாடகைக்குள் அடக்கமா?

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

என்ன கருவிகள் வேண்டும்?

2022 ஜனவரி 1 முதல் இத்தாலியில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. பனிச்சரிவு அபாயம் உள்ள இடத்தில் ஸ்னோஷூ நடை போகிறவர்களும் மூன்று பொருட்களை வைத்திருக்க வேண்டும்: சிக்னல் அனுப்பும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளமான குச்சி, மண்வெட்டி.

காரணம் எளிமையானது. பனியில் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால், 10-ல் 9 பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தை நெருங்கினால் அது சுமார் 3-ல் ஒருவராகக் குறைகிறது. அவ்வளவு சீக்கிரம் ஹெலிகாப்டர் வருவது அரிது. காப்பாற்ற வேண்டியது பக்கத்தில் நடந்தவர்தான். அதனால் கிளம்பும் முன் கைடு எல்லோருக்கும் தேடும் பயிற்சி கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

அவசர எண் 112.

உடையும் சாப்பாடும்

பருத்தி உடை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடல் சில்லிட்டுப்போகும். கம்பளி அல்லது செயற்கை இழை உடைகளை அடுக்கடுக்காகப் போடுவது நல்லது. தண்ணீர் புகாத பூட்ஸ், கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன் அவசியம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணையும் தோலையும் பதம் பார்த்துவிடும். தண்ணீரை ஃபிளாஸ்கில் எடுத்துப் போனால் உறையாது.

சைவம் சாப்பிடுபவர்கள் விடுதியில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இங்கே பிரபலமான கானெதெர்லி உருண்டையில் 'ஸ்பெக்' என்ற பன்றி இறைச்சி இருக்கும். சீஸ், கீரை சேர்த்த வகையும் கிடைக்கும்.

விசா, இன்ஷூரன்ஸ்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவு வர பொதுவாக 15 நாள். சில சமயம் 45 நாள் வரை ஆகலாம்.

விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் விசாவுக்காக எடுக்கும் சாதாரண பாலிசியில் பனி விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கலாம். ஸ்னோஷூ நடை, மலை மீட்பு, ஹெலிகாப்டர் ஆகிய மூன்றும் அதில் இருக்கிறதா என்று செக் பண்ணிடுங்க. இத்தாலியின் சில பகுதிகளில் மீட்பு ஹெலிகாப்டருக்குக் கட்டணம் உண்டு.

கடைசியாக ஒன்று

மூன்று நாள் நடக்க ஆசை என்றால் நான்கு நாள் தங்கத் திட்டமிடுங்கள். ஒரு நாளை வானிலைக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டால், கைடு 'வேண்டாம்' என்று சொல்லும்போது அவருடன் வாதாட வேண்டியிருக்காது. கைடையும் தங்கும் இடத்தையும் முன்பே முடிவு செய்யலாம். எந்தப் பாதை என்பதை மட்டும் முந்தைய நாள் மாலை 5 மணி வரை விட்டு வையுங்கள்.