நூதனசாலை யாருக்கு?

நூதனசாலை என்றதும் கண்ணாடிப் பெட்டிகளும், பஞ்சடைத்த பறவைகளும், "தொடாதே" என்ற அறிவிப்புமே நம்மிற் பலருக்கு நினைவில் வருகின்றன. பழைய பொருள்களைக் காத்துவைக்கும் களஞ்சியம் என்பதற்கு மேல் அதற்கொரு பணி உண்டென்று நாம் எண்ணுவதில்லை. ஆனால், உயிரினங்களின் வரலாறு பற்றி இன்று பள்ளிப் பிள்ளையும் அறிந்திருக்கும் சில உண்மைகள் நூதனசாலைகளிலேதான் பிறந்தன. அவற்றுள் ஒன்றன் பிறப்பில் இலங்கை யானையொன்றின் மண்டையோட்டுக்கும் பங்குண்டு. அந்த வரலாறு, நூதனசாலை யாருக்கு உரியது என்ற கேள்வியையும் கூடவே எழுப்புகின்றது.

பாரிஸ் நகரில் 1635ஆம் ஆண்டு அரச கட்டளையால் மூலிகைத் தோட்டமொன்று அமைக்கப்பட்டது. அரசனின் தோட்டம் என்பதே அதன் பெயர். இலத்தீனே கல்விக்குரிய மொழியெனக் கருதப்பட்ட அக்காலத்திலும் இத்தோட்டத்து விரிவுரைகள் பிரெஞ்சு மொழியில் நடந்தன. அவற்றைக் கேட்பதற்குக் கட்டணமும் இருக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சி இத்தோட்டத்தை அழிக்கவில்லை. அதன் உடைமையை மாற்றியது. 1793 யூன் 10ஆம் நாள் புரட்சிப் பேரவை பிறப்பித்த ஆணையினால் அது இயற்கை வரலாற்று நூதனசாலையாயிற்று. பன்னிரண்டு பேராசிரியர்கள் சம உரிமையுடன் அதனை நடத்தினர். தலைவரைத் தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுத்தனர். இயற்கை வரலாற்றைப் பொதுமக்களுக்குப் போதிப்பதே தாபனத்தின் தலையாய நோக்கமென அந்த ஆணை வகுத்தது.

இதே புரட்சிதான் இரண்டு மாதங்களின் பின் அரச விஞ்ஞானக் கழகத்தைக் கலைத்தது. 1794இல் இரசாயன விஞ்ஞானி லவோசியேயைக் கொலைக்களத்துக்கும் அனுப்பியது. அந்தக் கொந்தளிப்பின் நடுவிலும் மக்களுக்குக் கதவு திறந்த நூதனசாலை நிலைத்து வளர்ந்தது.

அங்கே ஆராய்ச்சி ஓர் அறையிலும் போதனை மற்றோர் அறையிலும் பிரிந்து கிடக்கவில்லை. தாவரவியலாளராக அறியப்பட்டிருந்த லாமார்க்குக்குப் பூச்சிகளையும் புழுக்களையும் பற்றிப் போதிக்கும் பதவி கிடைத்தது. அப்போது அவர் ஐம்பது வயதை அண்மியவர். வகுப்பு நடத்துவதற்காகவே நூதனசாலையின் சேகரங்களை ஒழுங்குபடுத்தப் புகுந்தவர், முள்ளந்தண்டிலிகள் என்ற பெரும் பிரிவை வகுத்தார். உயிரினங்கள் மாறா நிலையின அல்ல, காலப்போக்கில் மாறுபவை என்ற தமது கருத்தை அவர் முதன்முதல் வெளியிட்டது 1800ஆம் ஆண்டு மாணவர் முன்னிலையில் நிகழ்த்திய தொடக்கவுரையிலேயே. அக்கருத்தை விரித்துரைத்த நூல் 1809இலேதான் வெளிவந்தது.

இனி நமது யானைக்கு வருவோம். 1795இல் ஒல்லாந்தைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படை, ஹேக் நகரிலிருந்த ஒல்லாந்து ஆட்சியாளரின் இயற்கைப் பொருட் சேகரத்தைப் போர்க்கொள்ளையாகப் பாரிசுக்கு அனுப்பியது. அச்சேகரத்தில் இரண்டு யானை மண்டையோடுகள் இருந்தன: ஒன்று இலங்கையிலிருந்து சென்றது, மற்றது நன்னம்பிக்கை முனையிலிருந்து சென்றது. அதே ஆண்டு நூதனசாலையிற் சேர்ந்த இளைஞர் ஜோர்ஜ் குவியே அவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் ஒன்றுக்கு ஒடுங்கிய வரிகளும் மற்றதற்குச் சாய்சதுர வடிவங்களும் காணப்பட்டன. யானை ஒரே இனம் என்ற நம்பிக்கை அன்றோடு தகர்ந்தது. சைபீரியாவிற் கிடைத்த மம்மத் எலும்புகளோ இவ்விரண்டினின்றும் வேறுபட்டன. அந்த விலங்கு உலகில் எங்கும் இன்று இல்லை; அது முற்றாக அழிந்துபோனது என்ற முடிவைக் குவியே 1796இல் அறிவித்தார். உயிரினங்கள் அடியோடு அழிந்தொழியக்கூடும் என்பது இவ்வாறுதான் விஞ்ஞானத்தில் நிலைநாட்டப்பட்டது. அதே 1796இல் கொழும்பு ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. எசமானர் மாறினர், இலங்கை மக்கள் அந்த மண்டையோட்டின் பெருமையை அறியவில்லை.

1798இல் ஒல்லாந்திலிருந்து உயிருள்ள இரண்டு யானைகளும் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டன. அவையும் இலங்கையிற் பிறந்தவையே. இசை கேட்டு அவை எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை அறிய அவற்றின் முன் இசைக் கச்சேரியும் நடத்தப்பட்டது.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தை மறைத்தல் தகாது. தென்னாபிரிக்கக் கொய்கொய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் என்ற பெண் ஐரோப்பாவிற் காட்சிப் பொருளாக்கப்பட்டு, 1815இல் பாரிசில் இறந்தார். அவருடைய உடலை அறுத்தாராய்ந்தவரும் இதே குவியேதான். அவருடைய எலும்புக்கூடு 1970களின் நடுப்பகுதி வரை பாரிசு மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. அவர் தாயகம் திரும்பி மண்ணில் அடக்கமானது 2002இலேதான். மக்களுக்குக் கதவு திறந்த கூடம், எந்த மக்களை மனிதராக மதித்தது என்று நாம் கேட்காதிருக்க முடியாது.

நமது நாட்டில், கொழும்பு நூதனசாலை 1877இல் தேசாதிபதி வில்லியம் கிறெகரியின் காலத்தில் திறக்கப்பட்டது. 1903இல் அதன் ஆராய்ச்சி ஏடான "ஸ்பொலியா ஸெய்லானிகா" தொடங்கிற்று. 1939 முதல் 1963 வரை அதன் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல, இரத்தினபுரிப் பகுதியின் மாணிக்கக் குழிகளிலிருந்து வெளிவந்த எலும்புகளை ஆராய்ந்தார். நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் ஒரு காலத்தில் இத்தீவில் வாழ்ந்தன என்பது அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று. பாரிசில் நமது யானை கற்பித்த பாடத்தை நமது மண்ணே மீண்டும் கற்பித்தது எனலாம். ஆனால் சேற்றில் நின்று குழி தோண்டிய தொழிலாளியின் மண்வெட்டியில் அகப்பட்ட எலும்பு, அவன் வாசிக்க முடியாத ஆங்கிலத்தில் அச்சேறியது. பாரிசுத் தோட்டத்தார் பதினேழாம் நூற்றாண்டிலேயே இலத்தீனை விட்டு மக்கள் மொழியிற் பேசியதன் பொருளை இங்கு நாம் உணரலாம்.

ஆராய்ச்சி நின்றுபோன நூதனசாலை வெறும் பண்டகசாலை. ஆராய்ச்சி நடந்தும் அதன் பயன் மக்களை எட்டாவிடில், அது பழைய பிரபுக்களின் அலுமாரியினின்றும் வேறுபட்டதன்று. மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் பெட்டிகளின் பெயர்ச்சீட்டை வாசித்துக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. இப்பொருள் எங்கிருந்து வந்தது, யார் கை தோண்டியது, யார் எடுத்துச் சென்றார், இதனால் நாம் அறிந்தது யாது என்ற கேள்விகளை மாணவர் கேட்கப் பழக்க வேண்டும். நூதனசாலையாரும் அக்கேள்விகளுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள். இக்கடமையை வற்புறுத்திக் கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு.