மடிவீக்க நோய்

கறவை மாட்டின் மடிக்குள் பாக்டீரியா புகுந்து உண்டாக்கும் அழற்சி. மடிநோய் என்றும் சொல்வர். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ. கோலை ஆகியவை முக்கியக் காரணிகள்.

காம்புத் துளையை அடைக்கும் கெரட்டின் படலமே முதல் காவல். கறந்தபின் துளை சற்று நேரம் திறந்திருக்கும். அப்போது மாடு ஈரத்தரையில் படுத்தால் கிருமி எளிதாக ஏறிவிடும். சென்னையை அடுத்த கரையான்சாவடி, பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் வீட்டோரம் மாடு கட்டுவோர் வடகிழக்குப் பருவமழையில் மிகவும் அஞ்ச வேண்டிய நேரம் இதுதான். கறந்ததும் தீவனம் வைத்து மாட்டை நிற்க வைப்பது செலவில்லாத தடுப்பு.

உள்ளே நுழைந்த கிருமியை மேக்ரோஃபேஜ் அணுக்கள் கண்டு சமிக்ஞை விட, இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் பாலுக்குள் திரள்கின்றன. ஒரு மில்லிலிட்டர் பாலில் இவை உள்ளிட்ட உடலணுக்கள் 2 லட்சத்தைத் தாண்டினால் தொற்று இருப்பதாகக் கொள்வர். ஈ. கோலையின் நச்சு கடும் காய்ச்சலைத் தூண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸோ அணுக்களுக்குள்ளேயே பதுங்கி நாள்பட நீடிக்கும். வெளியே வீக்கம் தெரியாத இந்த மறைநிலைதான் அதிகக் கேடு: பால் குறையும், காரணம் புலப்படாது. கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக முன்னாள் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பரப்பிய மரபு மருந்தில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேரும். அரைத்து மடி முழுதும் பூசுவர். காய்ச்சலோ பாலில் இரத்தமோ கண்டால் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி செலுத்திய மாட்டின் பாலை அவர் குறிப்பிடும் நாள்வரை விற்கக் கூடாது.