18 டிகிரிக்குக் கீழே: குளிர்கால எரிசக்திச் சிக்கனமும் வீட்டுச் சுவரும்

குளிர்காலத்தில் வீட்டுத் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைக்கும்படி அரசுகள் குடிமக்களைக் கேட்பது எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் பரவலாயிற்று. 1973 நவம்பர் 7 அன்று தொலைக்காட்சியில் பேசிய அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன், வீடுகளின் வெப்பநிலையை 6 டிகிரியாவது குறைத்து, நாட்டின் பகல்நேரச் சராசரியை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொண்டுவரும்படி வேண்டினார். அந்த அளவில் இருப்பதே உடம்புக்கு நல்லது என்று தம் மருத்துவர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். 1977 பிப்ரவரி 2 அன்று ஜிம்மி கார்ட்டர் கம்பளி மேற்சட்டையோடு கணப்பருகே அமர்ந்து, பகலில் 65, இரவில் 55 என்று இன்னும் கீழே இறங்கினார். செல்சியஸ் கணக்கில் இவை ஏறத்தாழ 18, 13. உக்ரைன் போர் தொடங்கிய பின் ரஷ்ய எரிவாயு குறைந்த 2022இல் அதே குரல் ஐரோப்பாவில் எழுந்தது. ஜெர்மனி செப்டம்பர் 1 முதல் பொதுக் கட்டடங்களின் அலுவல் அறைகளுக்கு 19 டிகிரி என்று வரம்பு வைத்தது. பிரான்ஸ் தன் பழைய 19 டிகிரி விதியை நினைவூட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் எரிவாயுப் பயன்பாட்டை 15 சதவீதம் குறைக்கத் தன் உறுப்பு நாடுகளைக் கேட்டது.

இந்த வேண்டுகோள்களின் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. எரிவாயுவைக் குறைவாக எரிப்பது பருவநிலைக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது. என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் குறைப்பதால் அதிகம் மிச்சமாகும் வீடும், குறைப்பதைத் தாங்கக்கூடிய வீடும் ஒன்றாக இருப்பதில்லை. பெரும்பாலும் அவை எதிரெதிரானவை. கீழ்வரம்பு ஒன்றைச் சொல்லாமல், எல்லா வீட்டுக்கும் ஒரே குரலில் விடுக்கப்படும் அறிவுரை, ஏற்கெனவே குளிரில் இருப்பவர்களையே மேலும் குளிருக்குள் தள்ளும். இதற்குச் சான்றாகப் பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவில் பழைய வீடுகள் மிகுந்த நாடுகளில் அது ஒன்று. குளிர் வீடுகளைப் பற்றிய பொது விவாதமும் அங்கேதான் நீண்டகாலமாக நடந்துவருகிறது. அந்தப் பழைய செங்கல் வீடுகளில் வாடகைக்கு இருப்போரில் ஈழத்திலிருந்து சென்ற நம்மவரும் உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு வீடு இழக்கும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வெளியே 6 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் வேறுபாடு 14. உள்ளே ஒரு டிகிரி குறைத்தால் இழப்பில் பதினான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 7 சதவீதம் குறையும். அடுப்பும் வெயிலும் மனித உடலும் வீட்டுக்குள் கொஞ்சம் வெப்பம் தருவதால், பாய்லர் எரிக்கும் வாயுவில் மிச்சமாகும் விகிதம் இதைவிடச் சற்றுக் கூடும். ஆகவே ஒரு டிகிரிக்கு இத்தனை சதவீதம் என்று அரசுகள் சொல்வது கட்டுக்கதை இல்லை. வீட்டைக் குளிரவிட்டு மறுபடி சூடாக்கினால்தான் செலவு கூடும், எப்போதும் எரியவிடுவதே மலிவு என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வீடு குளிர்ந்திருக்கும் நேரமெல்லாம் வெளியே போகும் வெப்பம் குறைகிறது; மறுபடி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் அந்த மிச்சத்தைத் தாண்டுவதில்லை. ஹீட் பம்ப் உள்ள வீடு மட்டும் விதிவிலக்காகலாம். குளிர்ந்த வீட்டை விரைவில் சூடாக்க அது ரேடியேட்டருக்கு அதிகச் சூடான நீரை அனுப்ப வேண்டியிருக்கும். அப்போது அதன் திறன் குறையும்.

சதவீதம் சொல்லும் செய்தி இவ்வளவுதான். அது மறைக்கும் செய்தியே முக்கியமானது. மிச்சமாகும் வெப்பத்தின் அளவு வீட்டின் சுவர், கூரை, ஜன்னல் ஆகியவற்றின் ஒழுகலைப் பொறுத்தது. ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 300 வாட் இழக்கும் பழைய வீடு ஒன்றையும், 100 வாட் மட்டும் இழக்கும், வெப்பக் காப்பிட்ட வீடு ஒன்றையும் எண்ணிப்பாருங்கள். ஒரு டிகிரி குறைத்தால் முதல் வீட்டில் ஒரு நாளைக்கு 7.2 யூனிட் வெப்பம் மிஞ்சும்; இரண்டாம் வீட்டில் 2.4 யூனிட். நாட்டின் மொத்தக் கணக்கை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு முதல் வீடு பொன் விளையும் பூமியாகத் தெரியும். அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு நிலைமை வேறு.

உடம்பு உணரும் வெப்பநிலை காற்றினுடையது மட்டுமன்று. சுற்றியுள்ள சுவர்களும் கண்ணாடிகளும் நம் உடலிலிருந்து கதிர்வீச்சாக வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. பிரிட்டனில் 1919க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்பது அங்குலத் திடச் செங்கல் சுவர் வழக்கமானது. அதன் வெப்பக் கடத்தல் அளவு சதுர மீட்டருக்கு டிகிரி ஒன்றுக்குச் சுமார் 2 வாட். இடைவெளியில் காப்புப் பொருள் நிரப்பிய இரட்டைச் சுவருக்கு ஏறத்தாழ அதில் கால் பங்கு. வெளியே உறைநிலை நிலவும் இரவில் தெர்மோஸ்டாட் 18 காட்டினாலும் பழைய சுவரின் உட்பரப்பு 13 டிகிரியில்தான் இருக்கும். காப்பிட்ட சுவர் 17க்கு அருகில் இருக்கும். ஆக, இரண்டு வீட்டுத் தெர்மோஸ்டாட்டிலும் ஒரே எண் இருந்தாலும் இரண்டு குடும்பங்களும் ஒரே குளிரில் இருப்பதில்லை.

அடுத்தது ஈரம். இதில் சற்று நின்று கணக்கிட வேண்டும், ஏனென்றால் கேடு இங்கேதான் தொடங்குகிறது. சமைத்து, குளித்து, துணி உலர்த்தி வாழும் வீட்டில் காற்றிலுள்ள நீராவி, 20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் காட்டும் அளவுக்கு இருக்கிறது என்று கொள்வோம். வெளியே உறைநிலை. திடச் சுவர் வீட்டை 20 டிகிரியில் வைத்தால் சுவர்ப் பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் சுமார் 71 சதவீதம். 18க்குக் குறைத்தால் 78. 16க்குக் குறைத்தால் 86. பரப்பு ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். அலமாரிக்குப் பின்புறமும் அறை மூலைகளும் இந்த எண்ணிக்கையைவிட மோசமாகவே இருக்கும். அதே நீராவியோடு காப்பிட்ட வீட்டை 16 டிகிரியில் வைத்தாலும் சுவர் 70 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே 18இலிருந்து 16க்கு இறங்குவது ஒரு வீட்டில் ஒரு கம்பளிச் சட்டையோடு முடிந்துவிடுகிறது. இன்னொரு வீட்டில் சுவரில் கரும்பூஞ்சையாகப் படர்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுச் சுகாதார வழிகாட்டுதல், குளிர்காலத்தில் பொதுமக்களுக்கு 18 டிகிரி பாதுகாப்பான அளவு என்றது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதல் தேவைப்படலாம் என்றும் சொன்னது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. நுரையீரலின் நோயெதிர்ப்பு தளர்கிறது. குளிர்காலத்தில் கூடுதலாக நேரும் சாவுகளில் பெரும்பகுதி இதயம், மூளை, நுரையீரல் வழியாகவே வருகிறது. விறைத்துச் சாகிறவர்கள் மிகச் சிலர். அதனால்தான் குளிர் வீட்டின் சாவு பெரும்பாலும் சான்றிதழில் குளிர் என்ற பெயரில் பதிவாவதில்லை. பொதுச் சுகாதார ஆய்வாளர் சர் மைக்கேல் மார்மட்டின் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, பிரிட்டனின் குளிர்காலக் கூடுதல் சாவுகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டதை மிகக் குளிர்ந்த கால்பங்கு வீடுகளோடு தொடர்புபடுத்தியது.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மனிதர் குளிருக்குப் பழகக்கூடியவர். 21 டிகிரி என்பது மத்திய வெப்பமூட்டல் பரவிய பின் வந்த பழக்கம். பிரிட்டன் வீடுகளின் குளிர்காலச் சராசரி உள்வெப்பநிலை 1970இல் 12 டிகிரி அளவில் இருந்ததாகவும், 2011 வாக்கில் 17ஐத் தாண்டியதாகவும் அரசின் மாதிரிக் கணக்குகள் மதிப்பிடுகின்றன. மைக்கேல் ஹம்ஃபிரீஸ், ஃபெர்கஸ் நிக்கல் ஆகியோரின் ஆய்வுகள், உடையையும் பழக்கத்தையும் எதிர்பார்ப்பையும் பொறுத்து இதமான வெப்பநிலை நகரும் என்று காட்டியுள்ளன. ஜப்பானியர் அறை முழுவதையும் சூடாக்காமல், கொட்டாட்சு என்னும் போர்வையிட்ட சூட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து காலைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். இவை எல்லாம் உண்மை. நல்ல காப்பும் நல்ல உடல்நலமும் உள்ளவர் 21இலிருந்து 18க்கு இறங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவரிடம் அரசு இன்னும் அழுத்தமாகக் கேட்கலாம். ஆனால் பழகுதல் என்பது உடையை மாற்றவும், நகரவும், வேண்டும்போது சூட்டைக் கூட்டவும் முடிகிறவருக்கே வாய்க்கும். படுக்கையிலிருக்கும் முதியவருக்கும் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் அந்த ஆய்வுகளைப் பொருத்துவது ஆய்வையே தவறாக வாசிப்பதாகும்.

மேலும், ஏழை வீடுகள் சிக்கனத்தை முன்பே செய்துமுடித்துவிட்டன. 2012இல் மின்னா சுனிக்கா-பிளாங்கும் ரே கால்வினும் ஜெர்மானிய வீடுகளை ஆராய்ந்தபோது, வீட்டின் எரிசக்திச் சான்றிதழ்க் கணக்கு எதிர்பார்த்ததைவிடக் குடும்பங்கள் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே எரிபொருள் செலவிடுவது தெரியவந்தது. வீடு எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்கு இந்த இடைவெளி பெரிது. வீடு முழுவதையும் சூடாக்கக் கட்டுப்படியாகாததால் ஒரு அறையில் மட்டும் சூடேற்றி மற்றவற்றை மூடிவைக்கிறார்கள். பிரிட்டனில் முன்கட்டண மீட்டர் வைத்திருப்பவர்கள் பணம் தீர்ந்ததும் இருட்டிலும் குளிரிலும் விடப்படுகிறார்கள். எந்த நிறுவனமும் இணைப்பைத் துண்டித்ததாகக் கணக்கில் வராது. 2022 அக்டோபரில் சராசரிக் குடும்பத்தின் ஆண்டுக் கட்டணம் 3,549 பவுண்டாக உயரவிருந்து, அரசு தலையிட்டு 2,500 பவுண்டில் நிறுத்தியது. அந்தக் குளிர்காலத்தில் இந்த வீடுகளுக்கு விலையே அறிவுரை சொல்லிவிட்டது. அவர்களிடம் போய் இன்னும் ஒரு டிகிரி என்று கேட்பதற்கு ஒரு நாட்டுக்கு என்ன தகுதி இருக்கிறது?

வாடகைக்காரரின் நிலை இன்னும் கொடியது. ஒரு பக்கம் அவரிடம் சூட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். பூஞ்சை வந்ததும் வீட்டுக்காரர் தரப்பு, நீங்கள் போதிய அளவு சூடேற்றவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை, உங்கள் பழக்கம் சரியில்லை என்கிறது. ரோச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். பூஞ்சை படர்ந்த வீட்டில் நீண்டகாலம் இருந்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டிருந்தார்கள். குடும்பத்தின் வாழ்க்கைமுறை மேல் பழி போடப்பட்டது. அந்த விசாரணை முடிவுக்கு முந்தைய ஆண்டே இங்கிலாந்தின் வீட்டுக் குறைதீர்ப்பு ஆணையர், ஈரமும் பூஞ்சையும் வாழ்க்கைமுறைக் குற்றம் இல்லை என்று அறிக்கையின் தலைப்பிலேயே எழுதியிருந்தார். 2023இல் நாடாளுமன்றம் அவாப் பெயரால் அறியப்படும் விதிகளுக்குச் சட்டம் இயற்றியது. சுவரைச் சரிசெய்யும் அதிகாரம் வாடகைக்காரருக்கு இல்லை. காப்பிட்டால் வரும் மிச்சத்தில் வீட்டுக்காரருக்குப் பங்கில்லை. இந்த முடிச்சை அவிழ்க்காமல் தெர்மோஸ்டாட்டைப் பற்றி மட்டும் பேசுவது, பொறுப்பைக் கைமாற்றி எளியவர் தலையில் வைப்பதாகும்.

நல்ல அறிவுரை எப்படி இருக்கும் என்பதற்கும் அதே பிரிட்டன் எடுத்துக்காட்டுத் தருகிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய அரசின் விளம்பர இயக்கம், பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குச் செல்லும் நீரின் சூட்டை 75இலிருந்து 60 டிகிரிக்குக் குறைக்கச் சொன்னது. அங்கே இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது கண்டென்சிங் பாய்லர். திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தை மீட்கும். அளவுக்கு மீறிய சூட்டில் நீரை அனுப்பினால் அந்தத் திறன் வீணாகும். இந்த மாற்றத்தில் அறையின் வெப்பநிலை குறைவதே இல்லை, எரிவாயு மட்டும் குறைகிறது. (வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில், தொட்டியில் கிருமி வளராதிருக்க அதன் வெப்பநிலையைத் தனியே காக்க வேண்டும்.) உடம்பிடம் எதையும் கேட்காமல் இயந்திரத்திடம் கேட்ட அறிவுரை இது. முதலில் சொல்லப்பட வேண்டிய செய்தி விலை உச்சத்துக்குப் போன பிறகே வந்தது என்பதுதான் வருத்தம்.

காப்பிட்டால் மக்கள் மிச்சத்தைச் சேமிக்காமல் இன்னும் சூடாக இருந்துகொள்வார்கள், ஆகவே எரிசக்தி குறையாது என்று சில பொருளியலாளர் எச்சரிக்கிறார்கள். ஓரளவு அப்படி நடப்பதும் உண்மை. 14 டிகிரியில் நடுங்கிய வீடு 18க்கு ஏறுமானால் அதைத் திட்டத்தின் இழப்பாக எழுதும் கணக்கு முறையைத்தான் மாற்ற வேண்டும். மருத்துவமனைக்குப் போகாத நாட்களும் பள்ளிக்குப் போன நாட்களும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். பிரிட்டனில் கூரைக்கும் இரட்டைச் சுவருக்கும் காப்பிடும் வேலை 2012இல் உச்சத்தில் இருந்து, உதவித் திட்டங்கள் மாற்றப்பட்ட பின் செங்குத்தாகச் சரிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து எரிவாயு விலை ஏறியபோது, அந்தப் பத்து ஆண்டுகளில் காப்பிடப்படாத சுவர்கள் வழியே பொதுப்பணமும் மானியமாக வெளியேறியது.

எனவே குளிர்காலச் சிக்கன அறிவுரை எதுவும் இரண்டு எண்களோடு வர வேண்டும்: இதற்கு மேல் போகாதீர்கள் என்பதற்கு ஒன்று, இதற்குக் கீழே இறங்காதீர்கள் என்பதற்கு ஒன்று. இரண்டாவது எண் 18. அந்த அளவைக்கூட எட்ட முடியாத வீட்டுக்கு அரசு அனுப்ப வேண்டியது துண்டுப்பிரசுரத்தை அன்று, சுவருக்குக் காப்பிடும் ஆட்களை. குளிர்நாடுகளில் வாடகை வீட்டில் இருக்கும் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஹீட்டிங்கைக் குறைக்கும் முன் அறையில் ஒரு சிறிய வெப்ப, ஈரப்பதமானியை வைத்துப் பாருங்கள். 18க்குக் கீழே காட்டினாலோ, மூலையில் கரும்புள்ளி தென்பட்டாலோ, மிச்சம் பிடிப்பதை நிறுத்தி, தேதியோடு படமெடுத்து, வீட்டுக்காரருக்கும் உள்ளூராட்சிக்கும் எழுத்தில் முறையிடுங்கள்.