இன்டெல் - ஏஎம்டி போட்டி

இன்டெல் - ஏஎம்டி போட்டி என்பது எக்ஸ்86 வகை நுண்செயலிகளைத் தயாரிக்கும் இரு அமெரிக்க நிறுவனங்களுக்கு இடையே நிலவும் வணிகப் போட்டி ஆகும்.

தோற்றம்

1981 இல் ஐபிஎம் தனது தனியாள் கணினிக்கு இன்டெல் 8088 செயலியைத் தெரிவு செய்தது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பாத ஐபிஎம், இரண்டாவது உற்பத்தியாளரையும் கோரியது. 1982 உடன்பாட்டின்படி ஏஎம்டி அச்செயலிகளைத் தயாரித்தது. பின்னர் 386 செயலியின் வடிவமைப்பைத் தர இன்டெல் மறுத்ததால், அதற்கு இணையான ஏஎம்386 செயலியை ஏஎம்டி 1991 இல் வெளியிட்டது.

விலை உத்திகள்

செயலியை வடிவமைக்கவும் ஆலை அமைக்கவும் பெருந்தொகை செலவாகும்; கூடுதலாக ஒரு செயலியைத் தயாரிக்கும் செலவு குறைவு. ஆகவே விலை, போட்டியாளரின் நிலையைப் பெரிதும் சார்ந்துள்ளது. ஏஎம்டியின் மலிவான செயலிகளை எதிர்கொள்ள இன்டெல் 1998 இல் செலரானை அறிமுகப்படுத்தியது. இதனால் பென்டியத்தின் விலையைப் பெரிதும் குறைக்க நேரவில்லை. திறனில் முந்தியபோது ஏஎம்டியும் விலையை உயர்த்தியது. 2005 இல் வெளியான அத்லான் 64 எக்ஸ்2 செயலியின் தொடக்க விலை 537 டாலர். இன்டெலின் இரு கருச் செயலியான பென்டியம் டி 820 இன் விலை 241 டாலர்.

வழக்குகள்

தேவையின் முழுமையையோ பெரும்பகுதியையோ தன்னிடம் வாங்கும் கணினி நிறுவனங்களுக்கு இன்டெல் அளித்த விலைக்கழிவுகள் போட்டியை முடக்குவதாக ஐரோப்பிய ஆணையம் கருதியது. 2009 இல் 106 கோடி யூரோ தண்டம் விதித்தது. அதே ஆண்டு இன்டெல், ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் வழங்கி வழக்குகளை முடித்துக்கொண்டது. விலைக்கழிவுகள் போட்டியாளரை வெளியேற்றக்கூடியவை என்பது போதிய அளவு நிறுவப்படவில்லை எனக் கூறி, ஐரோப்பிய பொது நீதிமன்றம் 2022 இல் அத்தண்டத்தை நீக்கியது. 2024 இல் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது.