பண்ணைவிளைக்கு வந்த சிறுமி

திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் 1910-ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் தென்பகுதியில் பெண்கள் குழுவொன்றுடன் சுவிசேஷ யாத்திரை செய்துவந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1901 மார்ச்சு மாதத்தில், பண்ணைவிளையில், பிரீனா என்னும் 7 வயதுச் சிறுமியை ஒரு கிறிஸ்தவப் பெண் அவரிடம் கொண்டுவந்தாள். பெருங்குளத்துத் தேவதாசியர் வீட்டினின்று தப்பியவள் அவள். முன்னொருமுறை தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடிச்சென்றபோது தாயே அவளைத் திருப்பி ஒப்படைத்தாள்; தண்டனையாகக் கைகளில் சூடிட்டனர்.

பொட்டுக்கட்டும் வழக்கம் ஊரறிந்ததே. ஆயினும் அதற்கெனக் குழந்தைகள் கைமாறும் விதத்தை அம்மையார் தெளிவுற உணர்ந்தது அச்சிறுமியின் வாய்மொழியால்தான். மீட்பைப் புகழும் நாம் அதன் விலையை ஏனோ பேசுவதில்லை. யாத்திரை நின்றது; பிள்ளைகளை விட்டு ஊரூராய்ச் செல்ல இயலவில்லை. பிரசங்க ஊழியரிடம் தொட்டில் வேலை எதற்கு என்று முணுமுணுத்தோரும் இருந்தனர். 1904-இல் அவரிடம் 17 பிள்ளைகள் இருந்தனர். டோனாவூர் இல்லம் அவ்வாறே வளர்ந்தது.

பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சென்னை மாகாணச் சட்டமோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1920-களிலிருந்து சட்டசபையிலும் வெளியிலும் போராடிய பின்னரே, 1947-இல் நிறைவேறியது. பிரீனா வந்து அப்போது 46 ஆண்டுகள் கடந்திருந்தன.